எங்கள் வீட்டு ஃபியூஸ் கேரியர் தரை

எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டு, நாங்கள் வசதியானவர்கள் என்று அரசாங்கம் முடிவு கட்டியது. அதுவரைக்கும் அந்த விஷயம் எங்களுக்கே தெரியாது. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் நானும் என் வீட்டுக்காரரும் இத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது அனுபவித்திருப்போம்.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம் எங்கள் வீடு. மண் சுவர். மேலே பாதி ஓடு, பாதி தகரம். எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் ஃபினிஷிங் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் சாமானை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பிசிறு தட்டி, வழவழவென்று ஆக்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மெயின் பாக்ஸில் செருகுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியர், கொலு வரும்போது பொம்மை. என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் சூளையில் சாமான் அடுக்குகிறார். வெந்து வெளியே வரும்போது எப்படியும் கொஞ்சம் விரிசல் விட்டிருக்கும், கொஞ்சம் கோணிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் மதிலுக்குப் பின்னால் கொட்டிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். முதலாளிகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் கை ரொம்பத் தாராளம்.

மழைக்காலத்தில் எங்கள் மண்தரை ஓதம் ஏறி, பாயெல்லாம் பூசணம் பூத்துவிடும். மகளுக்குச் சளி விடாது. அதனால்தான் அந்த உடைசலில் தட்டையான சில்லாகப் பொறுக்கித் தரையில் பதிக்க ஆரம்பித்தோம். ஆசைக்காக இல்லை. சரி, பாதி ஆசைக்காகவும்தான், எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? காலையில் தூக்குச் சட்டியில் சோறு போகும், சாயங்காலம் சில்லு வரும். ஞாயிற்றுக்கிழமை அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்து ஒவ்வொன்றாகப் பதிப்பார். வெள்ளை வெளேரென்று ஃபியூஸ் கேரியர் முதுகு. இடையில் அங்கங்கே பச்சை, மஞ்சள் என்று பொம்மைத் துண்டு. நட்டநடுவில் ஒரு மயிலின் நீலக் கழுத்து. மொத்தம் ஏழு வருஷம் ஆனது. திட்டக்குடியிலிருந்து வந்த என் அக்கா வாசலிலேயே நின்று, "ஏண்டி, மிதிக்கலாமா, இல்ல கும்புட்டுட்டுப் போவணுமா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. எங்கள் மாவட்டத்துக்குப் புயல் என்பது மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி, கூப்பிடவே வேண்டாம். அன்றைக்குப் பின்சுவர் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் படுத்திருக்கவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவள் புத்தகங்களைத் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி வைத்தோம். பக்கத்துத் தெருக் கொத்தனார் வந்து மற்ற சுவர்களைத் தட்டிப் பார்த்தார். "இன்னொரு ஐப்பசிய இந்தச் சொவுரு தாங்காதுங்க. ஆளுங்க மேல வுழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார். ஆக, அடுத்த மழைக்குள் எங்களுக்கு ஒரு வீடு வேண்டும். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தோம்.

தை மாதம் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். நல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை, பைக்கில் வந்தார், கையில் ஒரு போன். ஒவ்வொன்றாகக் கேட்டு அதில் அழுத்திக்கொண்டே வந்தவர், உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டார்.

"தரை என்னாக்கா இது?"

"ஒடைசலு தம்பி. ஃபியூஸ் கேரியரு."

"ஆப்புல மண்ணு, சிமெண்ட்டு, டைல்ஸுனு மூணுதான்கா இருக்குது."

"நாலாவதா ஃபியூஸ் கேரியருன்னு போடுங்க."

"அப்பிடி ஆப்ஷன் இல்லீங்கக்கா."

டைல்ஸ் என்று அழுத்தினார். போனில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. தகுதி இல்லை. எனக்கு வந்ததே கோபம். "தம்பி, கொஞ்சம் திரும்பிப் பாருங்க. பின்னாடி சொவுரே இல்ல. வாய்க்காலு தெரியுது. எருமை எட்டிப் பாக்குது. டைல்ஸ் போட்ட பங்களாவுல எருமை எட்டிப் பாக்குமா?" என்றேன்.

அவர் பாவம், நெளிந்தார். "சொவுரு எத்தனைன்னு ஆப்புல கேக்கலீங்கக்கா. எந்த வகைன்னுதான் கேக்குது."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பையைப் பொறுக்கி வந்து போட்டால் குபேரன் ஆகிவிடலாம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

மாசி முடியும்போது எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவு நாடாம். அங்கிருந்து நாலு பேர் வருகிறார்களாம். சின்ன நாடு, ஏழை நாடு, அடிக்கடி புயல். ஏழை ஜனங்கள் சொந்தக் காலில் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்துப் போக எஸ்டேட்டுக்கு வருகிறார்கள். ஒரு தொழிலாளி வீட்டையும் காட்ட வேண்டும். உன் வீட்டுத் தரையைப் பற்றிக் கேள்விப்பட்டேன், கழிவில் செய்தது, அருமை, அதைத்தான் காட்டப் போகிறோம் என்றார்.

வீட்டில் சொன்னேன். "எந்த ஊருக்காரங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கரீபியன் என்றேன். "வெஸ்ட் இண்டீஸ்னு சொல்லு! அவுங்களுக்கு என்னாடி கொறை? பந்த என்னா அடி அடிக்கிறானுங்க!" என்றார். பந்தை அடிக்கிறவர்கள் வீட்டுச் சுவர் விழாது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இரண்டு நாள் முன்னதாக ஓர் அதிகாரி அம்மா பார்வையிட வந்தார். எந்த ஆபீஸ் எங்களை வசதியானவர்கள் என்று தள்ளியதோ, அதே ஆபீஸ்தான். அங்கே ஓர் அறையில் நாங்கள் டைல்ஸ் வீட்டுக்காரர்கள். அடுத்த அறையில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட லாயக்கான ஏழைகள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்த அம்மாவுக்குத் தரையைப் பார்த்து வாயெல்லாம் பல். அதைவிட விழுந்த சுவரைப் பார்த்து.

"இது அப்படியே இருக்கட்டும்மா. தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிடுங்க. இடிஞ்சது ஃபோட்டோல நல்லா தெரியணும்."

"இன்னும் கொஞ்சம் இடிச்சு வெக்கட்டுங்களா மேடம்?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த அம்மா நிஜமாகவே யோசித்துவிட்டு, வேண்டாம், இதுவே போதும் என்றார்.

வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். 'வறுமையை வென்று மீண்டெழும் மகளிர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வென்ற செய்தியும் எங்களுக்குப் பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது. மீண்டெழும் தன்மை என்று ஒரு தாள் முழுக்க அடித்து மகள் கையில் கொடுத்து, யாராவது கேட்டால் படி என்றார்கள். விழாமல் பார்த்துக்கொண்டால் எழுகிற வேலையே மிச்சமாகுமே என்று எனக்குத் தோன்றியது. தாளில் அதற்கு இடம் இல்லை.

சொன்னபடி வந்த அந்த நாலு பேரில் ஒருத்தி என் வயதுக்காரி. நல்ல உடம்பு, சின்னச் சின்னதாய் நூறு சடை. மற்றவர்கள் ஷூவோடு உள்ளே வர, இவள் மட்டும் யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள். நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மயில் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. முதலாளியின் மகள் இன்ஜினியரிங் படிக்கிற பெண், அவள்தான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீவுக்காரி, எத்தனை வருஷம் ஆனது, சிமெண்ட் எங்கே வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்டாள். பிறகு கையை நீட்டி, பின்சுவரை எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். அதிகாரி அம்மா இங்கிலீஷில் முந்திக்கொண்டு ஏதோ சொன்னார். நடவடிக்கையில் இருக்கிறது என்றாராம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பாப்பா, நான் சொல்றத அப்பிடியே சொல்லு. இந்தத் தரை இருக்கறதால எங்களுக்கு வூடு கெடையாதுன்னுட்டாங்கன்னு சொல்லு. ஒரு வார்த்த கொறைக்காத."

முதலாளி பெண் கூடவே வந்திருந்த தன் அப்பா முகத்தைப் பார்த்தது. அதிகாரி முகத்தைப் பார்த்தது. அப்புறம் சொல்லிவிட்டது. நல்ல பிள்ளை.

கேட்டதும் அந்தத் தீவுக்காரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், எருமை மிரண்டு ஓடியது. கேலிச் சிரிப்பு இல்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரியைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கதையைச் சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவர்கள் தீவில் பெரிய புயல். வீட்டுக் கூரை பறந்துவிட்டது. தகரம் கொடுக்கிறவர்கள் வீடு வீடாக வந்து எழுதினார்கள். அவள் அம்மாவிடம் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. ஓடாது. மாவும் துணியும் வைக்கிற அலமாரியாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாளாம். வந்தவர் ஃபிரிட்ஜ் உள்ள வீடு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தகரம் கிடையாது. இரண்டு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள்.

"அப்புறம்?" என்றேன்.

அடுத்த புயலுக்குத் தெருவே விவரமாகிவிட்டதாம். எழுதுகிறவர்கள் தெருமுனையில் வரும்போதே எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜைப் படுக்கப் போட்டு, மேலே மெத்தையை விரித்துக் கட்டில் ஆக்கிவிட்டார்கள். அவள் அம்மா அதன்மேல் படுத்து முனகவும் செய்தாளாம். தகரம் வந்தது.

நானும் அவளும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தோம். பாப்பா கடைசி இரண்டு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே இல்லை, அதற்குள் புரிந்துவிட்டது. அதிகாரி அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் பூசிய சிமெண்ட் போல அப்படியே இறுகிவிட்டது. மற்ற மூன்று பேரும் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்கள். கடல் தாண்டி வந்து எங்களிடம் அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்களோ தெரியாது. நான் கற்றுக்கொண்டேன்.

கிளம்பும்போது அதிகாரி அம்மா கடைசியாகத் தங்கி, என் காதருகில் சொன்னார். "மறு ஆய்வுக்கு எழுதிக் குடும்மா. திரும்பப் பார்க்க ஆள் வரும். அதுக்குள்ள தரையை என்னவாவது பண்ணு." இதை அவர் சொன்னதாக நான் எங்கேயும் சொல்லக் கூடாதாம். சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். "பேத்துடலாம். வூடு வந்ததும் திரும்பப் போட்டுக்கலாம்."

"தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிடுவன்," என்றேன். "அந்தத் தீவுக்காரியோட அம்மா ஃபிரிட்ஜ ஒடைச்சாங்களா? படுக்கத்தான வெச்சாங்க?"

சித்திரை வெயில். ஏரியிலிருந்து மாட்டு வண்டியில் சிவப்புக் களிமண் வந்தது. சாணியும் உமியும் போட்டு மிதித்தோம். ஃபியூஸ் கேரியர், மயில் எல்லாவற்றையும் மூடி, அரை விரல் கனத்துக்கு மண்ணைப் பூசினோம். ஆய்வு முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து போய்விடும். என்ன ஒரு யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கேதான் சனி பிடித்தது. பூசிய மண் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இருபது வருஷமாகப் பிசிறு தட்டின கை. ஓர் ஓரத்தை மட்டும் ஸ்பாஞ்சால் துடைத்தேன். அந்த ஓரம் அழகாகிவிட்டதால் பக்கத்து இடம் அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் துடைத்தேன். சாயங்காலத்துக்குள் மூலைக்கு மூலை துடைத்து, மறுநாள் கூழாங்கல் எடுத்துத் தேய்த்து மெருகும் ஏற்றிவிட்டேன். மகள் குனிந்து பார்த்து, "யம்மா, மூஞ்சி தெரியுதும்மா!" என்றாள். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

நாலாம் நாள் அதே தம்பி வந்தார். வாசலில் நின்று, "அட, ரெட் ஆக்சைடு போட்டுட்டீங்களாக்கா?" என்றார்.

"ரெட் ஆக்சைடா? ஏரி மண்ணு தம்பி!"

அவர் குனிந்து விரல் முட்டியால் தட்டினார். கீழே ஃபியூஸ் கேரியர் இருக்கும்போது எப்படிச் சத்தம் வரும்? கல் மாதிரி டொக் டொக் என்றது. "சிமெண்ட்டுதான்கா. நல்ல வேலக்காரரு போல. ஆனா சிமெண்ட்டுன்னாலும் லிஸ்ட்டுல வராதுங்களே," என்று வருத்தத்தோடு போனை எடுத்தார்.

"மண்ணுக்கு எதுக்குடி பாலீசு? யாராவது மண்ணுக்குப் பாலீசு போடுவாங்களா?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தம்பியின் விரல் போனுக்கு மேலே. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அடுப்படியிலிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தரை நடுவில் அப்படியே கவிழ்த்தேன்.

"பாருங்க தம்பி! சிமெண்ட்டு கரையுமா? நீங்களே சொல்லுங்க, கரையுமா?"

கரைந்தது. செக்கச்செவேலென்று குழம்பு ஓடியது. தம்பி சிரித்துவிட்டார். நானும் ஜெயித்துவிட்ட மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொம்போடு நிறுத்தியிருக்க வேண்டும், எனக்கு எதிலும் அளவு கிடையாது. குழம்பு விலகின இடத்தில் வெள்ளையாக ஒரு முதுகு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மயிலின் நீலக் கழுத்து.

என் வீட்டுக்காரர் முகட்டு ஓடுகளை எண்ணுகிறவர் போல மேலே பார்த்தார். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம்தான். தம்பி மயிலைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். புத்தக டிரம்மைப் பார்த்தார். பிறகு ஓர் அடி முன்னால் வந்து, வெறுங்காலை எடுத்து மயிலின் மேல் வைத்தார். இன்னொரு காலை அந்த வெள்ளையின் மேல் வைத்தார்.

"மண்ணு தரைதான்கா," என்றபடி போட்டோ எடுத்தார்.

அவர் போன பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நாள் அந்தப் பிள்ளையை எத்தனை திட்டித் தீர்த்திருக்கிறேன்! ஒவ்வொரு திட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த ஆப்பைத் திட்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனியில் உத்தரவு வந்தது. கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேன். மறுநாள் தம்பி போன் செய்தார். "அக்கா, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டறதுக்கு முன்னாடி பழைய வூட்ட எடுத்துட்டு, காலி எடம்னு ஒரு ஃபோட்டோ ஏத்தணும். அத ஏத்துனாதான் மேல நவுரும்."

இதில் என்ன ஆச்சரியம்? எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு துண்டு இடம். புது வீட்டை வேறு எங்கே, ஆகாசத்திலா கட்டுவார்கள்? ஆனால் எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்குக்கூட அது தோன்றவில்லை. தரையைக் காப்பாற்றியாயிற்று என்றே மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மகளுக்குக் கணக்கில் நல்ல மார்க் வேறு.

ஓட்டையும் தகரத்தையும் இறக்கிவிட்டு, மிச்சச் சுவரைத் தள்ளினோம். அது கொத்தனார் சொன்னது போலவே பெரிதாக மறுப்பு சொல்லவில்லை. கடைசியாகத் தரை மட்டும் வெயிலில் கிடந்தது. எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றி மண்ணையெல்லாம் கழுவிவிட்டேன். எப்படியும் உடைக்கப் போகிறதை எதற்குக் கழுவுகிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அழுக்கோடு உடைக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அவர் கடப்பாரையை ஓங்கினார். ஒரு போடு, இரண்டு போடு. அசையவே இல்லை. அத்தனை கெட்டியாகப் பதித்திருக்கிறார் மனுஷன். மூன்றாவதற்கு ஓங்கினவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "என்னால ஆவாது," என்று வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மீதியை நான் உடைத்தேன். ஏழு வருஷ வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

சாயங்காலம் தம்பி வந்தார். சில்லுகளை வாரி ஓரமாகத் தள்ளச் சொன்னார். பயனாளி இடத்தின் நடுவில் நிற்க வேண்டும் என்றார். நின்றேன். விரலெல்லாம் சில்லு கிழித்து எரிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் சிரிங்கக்கா. அதான் வூடு வந்துடுச்சுல்ல?"

"இருந்த வூட்ட இப்பதான் ஒடைச்சன் தம்பி. நீங்க எடுங்க."

எடுத்தார். போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். வெறும் மண், நடுவில் நான்.

"இப்ப கரெக்ட்டா இருக்குதுக்கா," என்றார்.